கண்ணாடி உடைக்காத விமானம்

என் அக்காவைக் கட்டியவரைப் பற்றி நல்லவிதமாக எழுதச் சொன்னால் எனக்குக் கை ஓடாது. கெட்டவிதமாக மட்டும் எழுது என்றாலும் ஓடாது, அதுதான் எரிச்சல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். முதலியார்பேட்டையில் எத்தனையோ சொல்தா இருந்தார்கள். எங்கள் தெருவில் அந்தப் பெயரை வெறுமனே சொன்னால் அவர் ஒருவரைத்தான் குறிக்கும். கூடவே கன்னத்தைத் தடவிக்கொள்வார்கள். அறுபத்திரண்டில் மறுபடி பிரான்சுக்குக் கப்பலேறிப் போனவர்தான், இப்போது இருக்கிறாரோ இல்லையோ தெரியாது.

அவர் அடிப்பார். யாரை என்று கேட்டால், சத்தம் போட்டவனை. பேச்சு, சண்டை, குழந்தை அழுகை, நான் வேலை பார்த்த மில்லில் நாளெல்லாம் ஓடுகிற தறியின் இரைச்சல், இவற்றையெல்லாம் அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். திடீரென்று படீர் என்று கேட்க வேண்டும். காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொள்ளும், சைக்கிள் டியூப் வெடிக்கும், பாத்திரம் கீழே விழும். முகம் திரும்புவதற்கு முன்னால் கை போய்விடும். சின்னவன் பெரியவன், ஆண் பெண் என்றெல்லாம் அந்தக் கை பார்க்காது.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து அதிர்வேட்டு போடுவார்கள், அடிவயிறு கலங்கும். ஜனங்களுக்கு அதுதானே திருவிழா! கல்யாணமான புதிதில் அக்காவையும் என்னையும் அவர்தான் அங்கே அழைத்துப் போனார். முதல் வேட்டு வெடித்தது, பக்கத்தில் நின்ற மனிதரைக் காணோம். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய் வேட்டுக்காரனைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, மாற்றி மாற்றி அறைந்துகொண்டிருந்தார். குப்பத்து இளவட்டங்கள் சும்மா இருப்பார்களா? துடுப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இவர் ஒருவன் பல்லை உடைத்தார், அவர்கள் இவர் விலா எலும்பை உடைத்தார்கள். விலக்கப் போன எனக்கும் முதுகில் நன்றாக விழுந்தது. கைத்தாங்கலாக அழைத்து வரும்போது வாயில் ரத்தம் ஒழுக என்னிடம் சொன்னார்:

“அவன் மேல தப்பு இல்லடா. மருந்து அத்தனையும் ஒரே மூச்சுல வெளிய வர்ற மாதிரி குழாயைப் பண்ணி வெச்சிருக்கானுங்க. கொஞ்சம் கொஞ்சமா விட்டா சத்தமே வராது.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்படியே மணலில் போட்டுவிட்டு வந்திருப்பேன். அக்கா முகத்துக்காகத்தான் தூக்கி வந்தேன்.

அக்காவை ஏன் இவருக்குக் கொடுத்தோம் என்று கேட்கலாம். அப்பா இல்லை, அவளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சைகோனில் சண்டை பார்த்தவர், அப்புறம் பிரான்சில் விமானம் கட்டுகிற பட்டறை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர், மாதம் பிறந்தால் பென்ஷன், நகைநட்டு கேட்கவில்லை. அம்மா கும்பிட்டுக்கொண்டு கொடுத்தாள். முதல் மாதமே அக்கா கிணற்றடியில் பித்தளைக் குடத்தைத் தவறவிட்டாள். குடம் உருண்டு நிற்பதற்குள் அறை விழுந்தது. இடது காதில் ரத்தம் வந்தது, அந்தக் காது அதோடு சரி. அதற்குப் பிறகு யார் பேசினாலும் வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பாள். நான் மில்லிலிருந்து நேரே போய் வீட்டுக்குக் கிளம்பு என்றேன். வரமாட்டேன் என்றாள்.

“இங்க அடிக்கிறவரு ஒருத்தருதான். வாழாம வந்துட்டேன்னா தெருவே அடிக்கும். நீ போ.”

இந்த ஆள் ஒருநாள் இவளைக் கொன்றுவிடுவான், அதற்கு முன்னால் இவளை உயிரோடு அழைத்து வந்துவிட வேண்டும். அன்றிலிருந்து எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

அவருக்கு வேறொரு கவலை. வீட்டுக்குப் பின்னால் வெயில் விழுகிற இடத்தில் ஒரு தகரத் தொட்டி வைத்திருந்தார். நீளமானது, அகலமானது, ஆழமே கிடையாது. ஒரு முனையைச் சற்றுத் தூக்கி, அங்கே ஒரு பீப்பாய். குழாயைத் திறந்தால் விரல் கனத்துக்குத் தண்ணீர் வேகமாக ஓடி மறுமுனையில் இருக்கிற அண்டாவில் விழும். தொட்டியின் அடியில் சுண்ணாம்பு அடித்திருப்பார். நடுவே, மரத்தில் செதுக்கிய கையளவு விமானத்தைப் பதித்து வைப்பார். ஓடுகிற தண்ணீர் விமானத்தின் மூக்கில் மோதிப் பிரியும்போது இரண்டு பக்கமும் சாய்வாக அலைக்கோடு கிளம்பும். வெயிலில் அந்தக் கோட்டின் நிழல் வெள்ளைத் தரையில் மையால் கிழித்த மாதிரி தெரியும். மூக்கில் ஒரு கோடு, இறக்கையில் ஒன்று, வாலில் ஒன்று. அந்தக் கோடுகள்தான் அவருக்கு எதிரி. அண்டாத் தண்ணீரை மறுபடி மொண்டு பீப்பாயில் ஊற்றுவது அக்காவின் வேலை. அவர் ஊற்று என்றால் ஊற்ற வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும்.

ஒலியைவிட வேகமாகப் போகிற விமானம் பட்டாளத்தில் வந்தாயிற்று, நாளைக்கு ஜனங்களை ஏற்றிக்கொண்டும் அப்படிப் பறக்கத்தான் போகிறது என்பார். அது போகிற வழியெல்லாம் இடி மாதிரி விழும், ஊர் ஊராக ஜன்னல் உடையும். ஒரு கண்ணாடிகூட உடையாமல் ஊர் மேல் போகிற மாதிரி விமானத்துக்கு உருவம் கண்டுபிடிக்க வேண்டும். சோறு, தூக்கம், பெண்டாட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒலியைத் தாண்டுகிற நேரத்தில் ஒரு தடவை டமார் என்று கேட்கும், அப்புறம் ஒன்றுமில்லை, அப்படித்தானே மாமா என்று பேப்பரில் படித்ததை வைத்து ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். பிடரியில் ஒன்று விழுந்தது. சட்டையைப் பிடித்துத் தேங்காய்த்திட்டு வரை இழுத்துக்கொண்டு போனார். ஆற்றில் ஒரு படகு மெல்லப் போயிற்று, அதன் சிற்றலை படகுக்கு முன்னாலேயே ஓடியது. பிறகு ஒரு மோட்டார் படகு சீறிக்கொண்டு வந்தது. அலையால் அதை முந்த முடியவில்லை, இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சுவர் மாதிரி எழும்பி வந்து கரையில் மோதியது. எங்கள் வேட்டி நனைந்தது.

“ஒரு தடவையா அடிக்குது? கரை நெடுக அடிச்சிக்கிட்டே போவுது பாரு. நம்ம நிக்கிற எடத்துல ஒரு தடவை, அவ்ளோதான். காத்துலயும் இதேதாண்டா. அலை எல்லாம் ஒண்ணா சேந்து வந்தா அறை. தனித்தனியா வந்தா தடவல். சேர விடக் கூடாது. அதுக்கு மூக்கு நீளமா போவணும், இடுப்பு ஒடுங்கணும், எதுவும் திடீர்னு தடிக்கக் கூடாது.”

எனக்கு அன்றைக்குப் புரிந்தது. புரிந்ததில் சந்தோஷமாகக்கூட இருந்தது. காற்றைத் தடவ வேண்டும் என்று இத்தனை பதமாகப் பேசுகிற மனிதர், வீட்டில் ஒரு கரண்டி விழுந்தால் பேயாகிறாரே என்று வயிறும் எரிந்தது. பிடரி வலி இரண்டு நாள் இருந்தது.

ஏன் இப்படி ஆனார் என்பதை ஒரே ஒரு தடவை அவர் வாயால் சொன்னார். பிரான்சில் அந்தப் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக்கடை. காலையில் கூட்டம். மேலே விமானம் ஒன்று ஒலியைத் தாண்டிப் போக, இடி விழுந்து கடையின் பெரிய கண்ணாடி சரிந்தது. சைகோனில் குண்டுக்கு நடுவில் கிடந்த உடம்பு, அது யோசிக்குமா? மேஜைக்கு அடியில் போய்க் குப்புற விழுந்துவிட்டார். காற்சட்டை நனைந்துவிட்டது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர் கைகொடுத்துத் தூக்கி, குழந்தையைத் தட்டுகிற மாதிரி கன்னத்தில் தட்டினாராம். “கண்ணாடி ஒடைஞ்சதுக்கு ஒருத்தனுக்கும் கோவம் வரல. நான் கீழ விழுந்ததுக்குச் சிரிச்சானுங்க,” என்றார். பாவம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. சிரித்தவன் எங்கேயோ இருக்கிறான், காது போனது என் அக்காவுக்கு.

விமானங்களை அவரே செதுக்குவார். ஒருமுறை எவனையோ அடித்ததில் வலது மணிக்கட்டு வீங்கிப்போய், தேங்காய்த்திட்டில் படகு வேலை செய்கிற ஆசாரி ஒருவரிடம் அளவு சொல்லிச் செய்து வாங்கினார். அந்த மனிதருக்குத் தண்ணீரில் இறங்குகிற மரம் எதுவானாலும் அது படகுதான். முடித்த கையோடு சுறா எண்ணெயை அழுந்தத் தேய்த்துக் கொடுத்துவிட்டார். தொட்டியில் வைத்துத் தண்ணீரைத் திறந்தால் வெள்ளைத் தரையில் கோடு இல்லை. தேடித் தேடிப் பார்த்தாலும் மங்கலாக ஏதோ இருந்தது, அவ்வளவுதான். எண்ணெய் பரவிய தண்ணீரில் சிற்றலை எழும்பாது என்று பின்னால் தெரிந்துகொண்டோம். அன்றைக்கு அவருக்குத் தான் கண்டுபிடித்த மூக்கின் மகிமை என்றுதான் பட்டது. மீன் நாற்றம் அடித்ததே என்றால், தேங்காய்த்திட்டிலிருந்து வந்த எதில்தான் அடிக்காது? ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து அம்மா காலில் விழுந்தார். அந்த வாரம் அக்கா தாம்பாளத்தைக் கீழே போட்டாள். போனால் போகிறது என்றாராம்.

மணிக்கட்டு சரியானதும் அதே மூக்கை இன்னும் அழகாகத் தானே செதுக்கினார். ஓட்டினார். கோடுகள் திரும்ப வந்துவிட்டன. பக்கத்தில் செம்போடு நின்ற அக்காவின் கையைத் தொட்டி விளிம்பில் இழுத்து வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தார். கொட்டாப்புளி என்றால் உளியைத் தட்டுகிற மரச்சுத்தி. ஒரு சத்தமும் போடாத நாளில் விழுந்த அடி அது. விரல் கோணலாகவே கூடிற்று.

அவள் படிக்காதவள். ஒலியும் தெரியாது, வேகமும் தெரியாது. ஆசாரி கொடுத்தது பளபளவென்று இருந்தது, இது வறண்டு இருக்கிறது, அதை மட்டும் பார்த்தாள். அடுத்த விமானம் காய்வதற்காக அடுப்படிச் சுவரோரம் இருந்தது. அவர் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்ததும் விளக்கெண்ணெயை எடுத்துக் கோணல் விரலால் மரத்தில் ஏற ஏறத் தேய்த்தாள். கையில் ஒட்டாத அளவுக்குத் துணியால் துடைத்தாள். அன்று சாயங்காலம் கோடு இல்லை. அடியும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் போன நான் அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடாதே என்றாள். நான் ஏன் விடப் போகிறேன்! எண்ணெய் வாங்க நானே பணம் கொடுப்பேன் என்றேன். அப்படியே வருஷங்கள் ஓடின. ஒவ்வொரு விமானமும் முன்னதைவிட மேல் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் கன்னத்தில் சதை பிடித்தது. ஒரு பெண்குழந்தை பிறந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டியருகே நின்று, பார் பார், தண்ணிக்கு வலிக்கவே இல்லை என்று காட்டுவார். தெருவில் ஆயிரம் படீர் கேட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பொய்தான். அந்தப் பொய்யில்தான் என் அக்கா தின்றாள், தூங்கினாள். தண்ணீரைத் தொட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. ஆசைப்பட்டது கண்முன் நடக்கும்போது எவன் தோண்டிப் பார்க்கிறான்?

புதுச்சேரிக்காரர்கள் இந்தியக் குடிமக்களா பிரெஞ்சுக் குடிமக்களா என்று வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டிருந்த சமயம். கடற்கரைச் சாலையில் மாமா ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்துவிட்டார். அந்தப் பழைய பட்டறையில் எஞ்சினியராக இருந்தவர், ஊர் பார்க்க வந்தவர். கையைப் பிடித்து வீட்டுக்கே இழுத்து வந்துவிட்டார். நான் அன்று காலை ஷிஃப்ட் முடித்து அங்கேதான் இருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். எல்லா விமானங்களும் எண்ணெய் குடித்து அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

வந்தவர் நல்ல மாதிரிதான் பேசினார். ஜனங்கள் ஏறுகிற விமானம் நிஜமாகவே வரப்போகிறது, அதன் சத்தத்தை என்ன செய்வது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், உருவத்தில்தான் வழி இருக்கும் என்று இவர் சொல்வது சரி என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் எனக்கு இவ்வளவு புரிந்தது. மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அக்கா பீப்பாயில் ஊற்றினாள், தண்ணீர் ஓடியது, கோடு இல்லை. வெள்ளைக்காரர் மண்டியிட்டுத் தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து சிகரெட் சுற்றுகிற தாள் ஒன்றை எடுத்துத் தண்ணீரின் மேல் படியவிட்டு வெயிலில் பிடித்தார். உலர உலர, தாளில் திட்டுத் திட்டாக எண்ணெய் தெரிந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வானத்துக்கும் இதேபோல் எண்ணெய் பூசிவிட்டால் போயிற்று, நண்பரே என்று சொல்லி, எழுந்து, மாமாவின் கன்னத்தில் செல்லமாகத் தட்டினார். வாசல் வரை சிரித்துக்கொண்டே போனார்.

கதவைச் சாத்திவிட்டு மாமா திரும்பினார். தறியில் வேலை பார்க்கிறவன் கையில் எண்ணெய்க் கறை எப்போதும் இருக்கும். அதைத்தான் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. என் தலைமயிரைப் பிடித்து, முகத்தைத் தொட்டியில் அழுத்தி, பிடரியில் முழங்காலை வைத்தார். விரல் கனத் தண்ணீரில் மனிதன் சாகலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மூக்கு தகரத்தில் மோதி உடைந்தது. இழுத்த மூச்செல்லாம் தண்ணீரும் ரத்தமுமாக உள்ளே போயிற்று. கையை வீசினேன், எதுவும் அகப்படவில்லை. குழந்தை வீரிடுவது மட்டும் கேட்டது. அப்போது அக்காவின் குரல்.

“அவன விடுங்க. நான்தான் பூசினேன்.”

பிடி தளர்ந்தது. நான் புரண்டு விழுந்து இருமினேன். அவர் கையில் கொட்டாப்புளி வந்திருந்தது. ஏன் என்று கேட்டார்.

“தண்ணி சும்மா இருந்தப்ப நீங்க சும்மா இருந்தீங்க,” என்றாள்.

இதோ விழப்போகிறது என்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன், ஈரத்தில் வழுக்கி மறுபடி விழுந்தேன். அவள் நகரவில்லை. தலையைத் திருப்பி நல்ல காதை அவர் பக்கம் காட்டிக்கொண்டு நின்றாள். அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. அவர் கேட்டது இது:

“எத்தனை மாடல்ல பூசின?”

அக்காவின் கண் அலமாரி வரிசையில் ஒருதரம் ஓடித் திரும்பியது.

“எல்லாத்துலயும்.”

அந்த மனிதர் சுருண்டுபோனார். அதுவரை நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு அலமாரிக்குப் போய் ஒவ்வொரு விமானமாக எடுத்துத் தரையில் வைத்துக் கொட்டாப்புளியால் அடிக்க ஆரம்பித்தார். படீர், படீர் என்று அத்தனை சத்தமும் அவரே போட்டார். அக்கா குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துத் தூக்கினாள். நாங்கள் வெளியே போவதை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். என் சட்டை முழுக்க ரத்தம். அக்கா யாரையும் பார்க்காமல் நடந்தாள். கோயில் பக்கம் திரும்பியதும், ஒப்புக்கொண்டாயே, அத்தனையிலும் என்று சொல்லி அந்த ஆளை அடியோடு முடித்துவிட்டாயே என்றேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஒண்ணுல பூசலடா,” என்றாள். “இவளைப் பெத்துக்க நான் நம்ம வீட்டுல இருந்தேனே, அப்ப செஞ்சது. தொட்டியைச் சொரண்டிக் கழுவி, புதுசா சுண்ணாம்பு அடிச்சி, புதுத் தண்ணி ஊத்தி ஓட்டினாராம். ஒரு கோடும் இல்லையாம். ஓடி வந்து சொன்னாரு.”

நான் நின்றுவிட்டேன். அப்படியானால் அது நிஜம். அந்த ஒன்று நிஜம்.

“சொல்லியிருந்தா அதை மட்டும் ஒடைக்காம விட்டிருப்பாரேக்கா.”

“அதையும் ஒடைக்கட்டும்னுதான் சொல்லல,” என்றாள். “நட.”